ஒரு பீடிங் கிடைக்குமா?

எஸ்-10 வைத்திருப்பவரைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் பக்கத்து இலைக்காரரிடம், "உங்க ஊர்ப்பக்கம் காயலாங்கடை எதும் இருக்குங்களா?" என்று விசாரிப்பவர் அவர்தான்.

எஸ்-10 என்றால் ஃபியட் பாலியோவில் ஒரு விசேஷப் பதிப்பு. 2001-ல் பாலியோ இந்தியாவுக்கு வந்தபோது விளம்பரத்துக்குச் சச்சின் டெண்டுல்கர். கொஞ்ச நாளில் அவர் பெயரைச் சொல்லி இந்த எஸ்-10-ஐ இறக்கினார்கள். 1.6 லிட்டர் எஞ்சின், 100 குதிரைத்திறன், பின்பக்கம் சச்சினின் கையெழுத்து. மாருதி 800 தன் 37 குதிரைகளோடு ஊரை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. நம்மவர் அப்போது கோயமுத்தூரில் காலேஜை முடித்திருந்தார். அப்பாவிடம் எதைச் சொல்லி வாங்கினார் என்பது குடும்ப ரகசியம். "மொத்தமே 500 வண்டிங்க" என்பார். அதில் இன்றைக்கு எத்தனை ஓடுகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முகம் வாடிவிடும். மைலேஜ் கேட்டால் வாடாது, கோபம் வரும். "கோயிலுக்குப் போறவன் செருப்புத் தேய்மானம் பாப்பானுங்களா?"

பாலியோ நின்றுபோய் வருஷங்கள் ஆகின்றன. ஃபியட் என்ற பெயரில் கார் விற்பதையே இங்கே விட்டுவிட்டார்கள். ஸ்பேர் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பையன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "பாலியோங்கிறது எந்தக் கம்பெனி சார்?" என்று கேட்கிறான். அவன் மேல் தப்பில்லை. வண்டியைவிட வயதில் சின்னவன்.

நியாயமாகச் சொன்னால், எஞ்சின் பக்கம் அவருக்குப் பெரிய கவலை கிடையாது. இதே 1.6 எஞ்சின் ஃபியட்டின் சியனாவிலும் பெட்ராவிலும் வந்திருக்கிறது. டைமிங் பெல்ட், கிளட்ச் பிளேட் எப்படியாவது அகப்பட்டுவிடும். இரும்பு சம்பந்தப்பட்டது என்றால் கோயமுத்தூர் கணபதியில் லேத்துப்பட்டறை இருக்கிறது. பம்பும் மோட்டாரும் செய்தே வளர்ந்த ஊர். தேய்ந்ததைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தால் சாயங்காலம் புதுசு தயார். அவர் உயிரை எடுப்பதெல்லாம் ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். கண்ணாடி ஏற்றி இறக்குகிற மெஷினில் சுண்டுவிரல் நக அளவில் ஒரு கிளிப் உண்டு. அது உடைந்தால் 100 குதிரை இருந்தும் பார்க்கிங்கில் கதவைத் திறந்துதான் காசு கொடுக்கவேண்டும். அப்புறம் பீடிங். கதவைச் சுற்றி ஓடுகிற அந்த ரப்பர் பட்டை வெயிலில் காய்ந்து வெடித்துவிட்டால், மழைத் தண்ணீர் நேரே டிரைவர் மடியில். எந்த லேத்திலும் பீடிங் கடையமுடியாது.

ஆகவே எங்கே எது கிடைத்தாலும், தேவையோ இல்லையோ, வாங்கிச் சேர்ப்பார். அவர் வீட்டுப் பீரோவில் மேல்தட்டில் பட்டுப்புடவை, கீழ்த்தட்டில் சஸ்பென்ஷன் புஷ். ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க டால்கம் பவுடர் போட்டு, துணியில் சுற்றி, மேலே எட்டு இலக்கப் பார்ட் நம்பர் எழுதி வைத்திருக்கிறார். அந்த நம்பர்கள் எல்லாம் மனப்பாடம். வீட்டு கேஸ் கன்ஸ்யூமர் நம்பருக்கு மட்டும் மனைவியைக் கூப்பிடுவார்.

சென்னைக்குப் போனால் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டை. அங்கே போவதற்கென்று ஓர் ஒப்பனை உண்டு. வண்டியை ரெண்டு தெரு தள்ளி நிறுத்துவார். கிரீஸ் பட்ட சட்டை. எஸ்-10 என்று வாயைத் திறக்கக்கூடாது. சொன்னால் விலை மூன்று மடங்கு. "ஏதோ பழைய ஃபியட்டுங்க, சித்தப்பாவோடது. டோர் ஹேண்டில் இருந்தா போடலாம், இல்லாட்டியும் பரவால்ல" என்று அலட்சியமாகக் கேட்பார். கடைக்காரர் குவியலுக்குள் கையைவிட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டுவார். காட்டுவது ஹேண்டிலை, பார்ப்பது இவர் கண்ணை.

"ரெண்டாயிரம்ண்ணே."

"பழைய மாலுக்கா?"

"அப்ப வெச்சிட்டுப் போங்கண்ணே. கோயமுத்தூர்லேர்ந்து ஒருத்தர் இதையேதான் தேடினு இருக்காரு, அவருக்குக் குடுத்துக்கறேன்."

அந்த ஒருத்தர் தானேதான் என்று சொல்ல வழியில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வருவார்.

உள்நாடு கைவிட்டால் வெளிநாடு. பாலியோ பிரேசிலில், பெட்டிம் ஆலையில் 1996-ல் பிறந்தது. அங்கே லட்சக்கணக்கில் ஓடியது. அங்கிருந்து ஒருமுறை ஹெட்லைட் ஜோடி வரவழைத்தார். கஸ்டம்ஸ் கட்டி, பூஜை போட்டு மாட்டினால், எதிரே வருகிற லாரிக்காரர்கள் எல்லாம் திட்டிக்கொண்டே போகிறார்கள். பிரேசிலில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். விளக்கின் வெளிச்சமும் வலப்பக்கமே ஏறும். இங்கே அது நேராக எதிராளி முகத்தில். அதற்குப் பிறகுதான் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுகிற தென்னாப்பிரிக்காவிலும் பாலியோ தயாரானது என்று கண்டுபிடித்தார். டர்பன் நகரத்துக் காயலாங்கடைகளுக்கு நள்ளிரவில் போன் போட்டார். கடைக்காரர்களின் பெயர் பிள்ளை, கோவிந்தர், நாயுடு. நம்ம ஆளுங்க என்று உற்சாகமாகத் தமிழில் ஆரம்பித்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கப்பலேறிய குடும்பங்கள். பெயர் இருக்கிறது, தமிழ் போய்விட்டது. பீடிங்கும் இல்லையாம்.

இத்தனையும் ஒருவழியாகச் சமாளித்துவிடலாம். வண்டியை எஸ்-10 ஆக்குவதே பின்பக்கக் கையெழுத்துதான், அது உரிந்துவிட்டது. ஓட்டத்துக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, ஆனால் சியனாவிலும் கிடைக்காது, பெட்ராவிலும் கிடைக்காது. காந்திபுரத்து ஸ்டிக்கர் கடையில் அப்படியே அடித்துத் தருகிறேன் என்றார்கள். டூப் என்று மறுத்துவிட்டார். சச்சினையே பார்த்துக் கையெழுத்து வாங்கிவிடலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். அதையும் இவர் யோசித்து முடித்திருந்தார். "இப்ப வயசாயிடுச்சுங்க. இப்பப் போடற கையெழுத்து அப்பப் போட்ட மாதிரி வராது."

அதே சச்சினுக்கு, 2002-ல் பிராட்மனின் 29 டெஸ்ட் சதங்களைச் சமன் செய்ததற்காக ஃபியட்காரர்கள் ஃபெராரி ஒன்றைப் பரிசளித்தார்கள். மைக்கேல் ஷூமாக்கர் கையாலேயே சாவி. அந்த வண்டியை அவர் பிற்பாடு சூரத் வியாபாரி ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். இதை நினைவுபடுத்தினால் நம்மவர் மெதுவாகச் சொல்வார்: "அவருக்குக் கிரிக்கெட் இருந்ததுங்க."

போன மாதம் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் மட்டைகளுக்கு அடியில் ஒரு பாலியோ கிடப்பதாகத் தகவல் வந்தது. பீடிங்குக்காக முழு வண்டியையும் விலை பேசி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். பீடிங்கை அணில் தின்றிருந்தது. ஆனால் பேட்டரி மாற்றிச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடித்துக்கொண்டது. உயிருள்ள வண்டியை உடைக்க மனசு வரவில்லை. இப்போது ரெண்டு வண்டிக்கும் சேர்த்துத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இதைப் படிப்பவர்கள் யார் தோட்டத்திலாவது பழைய பாலியோ நின்றால் தயவுசெய்து அவருக்கு விஷயம் போகவேண்டாம். வாசலில் கோலம் போட இடமில்லை என்று அவர் மனைவி சொல்லச் சொன்னார். பீடிங்கை மட்டும் கழட்டி அனுப்புங்கள். முன்பக்கம், வலது கதவு.