இன்னும் இரண்டே நிமிடம்

சிகாமட்டில் பெரிய பேச்சாளர் என்று பெயரெடுக்க முதலில் வேண்டியது பட்டியல். டான்ஸ்ரீ, டத்தோஸ்ரீ, டத்தோ, கோயில் தலைவர், தலைமையாசிரியர் என்று வரிசை பிசகாமல் விளிக்க வேண்டும். டத்தோவை டான்ஸ்ரீ ஆக்கிவிட்டால் பாதகமில்லை, அவர் திருத்த மாட்டார். மாற்றிச் சொல்லிவிட்டால்தான் தொலைந்தீர்கள்.

கிரேக்கத்து டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கல்லை அடக்கிப் பேசிப் பழகினாராம். அதற்காகச் சிகாமட் ஆற்றில் இறங்காதீர்கள். அடைமழைக் காலத்தில் அதுவே வீடு தேடி வரும். கெட்டி முறுக்கு போதும்.

"நேரமின்மையால் சுருக்கமாக" என்று தொடங்குங்கள். அரை மணி நேரம் உங்களுடையது. (நான் நான்காம் ஆண்டு படிக்கையில் பேச்சுப் போட்டியில் மூன்றாவது வரியிலேயே மறந்துபோய், "நன்றி, வணக்கம்" என்று இறங்கிவிட்டேன். அவ்வளவு கைதட்டல் பிறகு எனக்குக் கிடைக்கவேயில்லை. நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்.)

முக்கியமானது: எண் எதையும் சொல்லாதீர்கள். மகாகனம் சீனிவாச சாஸ்திரியாரைப் பாருங்கள். வெள்ளி நாக்கு என்று வெள்ளைக்காரனே மெச்சிய மனிதர். தோட்டத் தொழிலாளர் நிலையை விசாரிக்க 1936-37இல் மலாயா வந்தார். பால்மரக் காட்டில் வெட்டுக்கத்தி பிடித்தவர்களுக்கு அவருடைய ஆங்கிலம் எதற்கு? அறிக்கையில் என்ன எழுதினார் என்பதுதான் பேச்சாக இருந்தது: ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 தர வேண்டும். துரைமாரிடம் மென்மையாக நடந்துகொண்டார் என்று அப்போதே திட்டும் விழுந்தது. எண்ணைச் சொன்னால் இதுதான் வினை, எவராவது ஞாபகம் வைத்துக்கொள்வார். தமிழ்ப்பள்ளிக்கு எத்தனை வகுப்பறை, எந்த மாதத்துக்குள் என்றெல்லாம் வாயைக் கொடுக்காமல் "விரைவில் ஆவன செய்யப்படும்" என்று கையை உயர்த்துங்கள். அடுத்த ஆண்டு அதே பேச்சு, அதே மண்டபம், புதுப் பொன்னாடை.

இந்நேரம் அறிவிப்பாளர் மடித்த துண்டுச்சீட்டு ஒன்றை நீட்டுவார். "முடிக்கவும்" என்றிருக்கும். விடுபட்ட டத்தோ ஒருவரின் பெயர் வந்திருப்பதாக முகத்தை வைத்துக்கொண்டு அதைச் சட்டைப்பைக்குள் போடுங்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு சீட்டு இருக்கும்.

பின்வரிசையில் ஓர் அம்மா மீகூன் தட்டின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். ஆவி வராது. மூடி "டங்" என்று விழும். அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டு, மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து, "தமிழ் அழியுமா?" என்று கேளுங்கள்.