பத்திரமா வெச்சிருக்கேன்

ஒரு வீட்டில் எந்தக் காகிதமும் அவசரத்துக்குக் கிடைப்பதில்லை என்றால், அங்கே ஓர் ஆவணக் காப்பாளர் குடியிருக்கிறார் என்று பொருள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவராக இருப்பார். இன்னும் பெறவில்லையென்றாலும் முகத்தில் அந்தக் களை வந்திருக்கும். "ரேஷன் கார்டு எங்க?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்டது இடத்தை, அவர் சொல்வது நிலவரத்தை: "பத்திரமா வெச்சிருக்கேன்."

அவருடைய ஆவணக் காப்பகம் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. முதலில் ஒரு ரெக்சின் பை. அதற்குள் ஜவுளிக்கடை மஞ்சள் பை. அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் கவர்கள். கருப்பு வெள்ளை டிவியின் உத்தரவாத அட்டை இருக்கும், டிவி இருக்காது. இடித்துவிட்ட வீட்டின் கரண்ட் பில் ரசீதுகள் மாத வரிசையில் இருக்கும். விவாகரத்தே ஆகிவிட்ட தம்பதியின் கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் தடவியது தடவியபடி இருக்கும். இன்று கேட்கிற காகிதம் மட்டும் இருக்காது. அது இன்னும் பத்திரமான வேறோர் இடத்துக்கு மாற்றப்பட்டிருக்கும். மாற்றியவருக்கும் அந்த இடம் தெரியாது. பாதுகாப்பு என்றால் அதுவல்லவா பாதுகாப்பு!

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரை வளர்த்தது அந்தக் காலத்து ரேஷன் கார்டு. 2005இல் கொடுத்த குடும்ப அட்டைக்கு ஆயுள் 2009 வரைதான். புது அட்டை வந்தபாடில்லை. ஆண்டுதோறும் உள்தாள்தான் வந்தது. கடைக்குப் போய் வரிசையில் நின்று உள்தாள் ஒட்டிக்கொண்டு வருவது மார்கழி, தை மாதத்துச் சடங்குகளில் ஒன்றாகவே இருந்தது. ஒட்ட ஒட்ட அட்டை தடித்தது, முதுகு பிய்ந்தது. காப்பாளர் கோந்தும் பழுப்புத் தாளும் வாங்கி அதற்குச் சட்டை தைத்துப் போட்டார். அரிசிக்குப் பச்சை அட்டை, சர்க்கரைக்கு வெள்ளை அட்டை என்று நிறம் பார்த்தே ஒரு குடும்பத்தின் நிலையை எடை போட்ட காலம் அது. கேஸ் இணைப்புக்கு அதுதான், பள்ளிக்கூடத்தில் சேர்க்க அதுதான், பாஸ்போர்ட்டுக்கு அதுதான். பிறந்ததை நிரூபிக்க வழியில்லாதவர்கூட, ரேஷன் கார்டில் பெயர் இருந்தால் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்ளப்பட்டார். அதைத் தொலைத்தவன் வட்ட வழங்கல் அலுவலகத்தின் படிகளைத் தேய்த்தான். அதைப் பார்த்து வளர்ந்தவர் பூட்டி வைக்காமல் என்ன செய்வார்?

அந்த அட்டைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது எந்தப் பையிலும் அடங்காது. அதனால் தொலையவும் தொலையாது.

2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வந்தது. காப்பாளரின் வீழ்ச்சியும் அன்றுதான் தொடங்கியது. ஏடிஎம் கார்டு அளவில் வழுவழுவென்று ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஒட்ட இடமில்லை, அட்டை போட வழியில்லை. அவர் விடுவாரா? பிளாஸ்டிக் கார்டை லேமினேஷன் செய்துகொண்டு வந்தார். கியூஆர் கோடு பளபளத்ததில் கடையிலிருந்த மெஷினுக்குக் கண் கூசியது. விற்பனையாளர் கார்டைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குய்யா கோட்டு போட்டு விட்டிருக்கீங்க?" என்றார். லேமினேஷனைப் பிரித்தார்கள். பிரித்ததோடு நிற்காமல், எதற்கும் இருக்கட்டும் என்று பத்து ஜெராக்ஸ் எடுத்தார். பத்தையும் அசலோடு சேர்த்து ஒரே கவரில் போட்டார். ஒன்று தொலைந்தால் பதினொன்றும் தொலையும்படியான ஏற்பாடு அது.

காப்பாளர் வீட்டில் கார்டு தொலைந்த நாள் எதுவென்று யாருக்கும் தெரியாது. தெரிய வரும் நாள் மட்டும் திட்டவட்டமானது: அரசு ஏதாவது அறிவிக்கும் நாள். 2021 பொங்கலுக்கு 2,500 ரூபாய் என்றார்கள்; ஊரெங்கும் பீரோக்கள் திறந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குச் சென்னைப் பக்கம் 6,000 ரூபாய் என்றார்கள். வெள்ளம் வடியாத வீட்டிலும் பரண் ஏறினார்கள். துவரம் பருப்பு கிலோ முப்பது ரூபாய், பாமாயில் லிட்டர் இருபத்தைந்து ரூபாய் என்று மாதாமாதம் கிடைப்பதற்கு வராத பதற்றம், டோக்கன் என்ற ஒரு சொல்லுக்கு வந்துவிடும்.

"என்னங்க, டோக்கன் குடுக்கிறாங்களாம். கார்டை எடுங்க."

"பத்திரமா இருக்கு."

"இருக்கட்டும். எடுங்க."

"எடுக்கிறேன். ஏன் பறக்கிற?"

பிறகு ரெக்சின் பை இறங்கும். மஞ்சள் பை இறங்கும். கூடம் முழுக்கக் கவர்கள் பரவும். பஞ்சாங்கத்தின் நடுவில், சாமி படத்தின் பின்புறம், பட்டுப்புடவை மடிப்பு, தலையணை உறை என்று சோதனை விரியும். இடையில் அவருக்கு 1987ஆம் ஆண்டு ரயில் சீட்டு ஒன்று கிடைக்கும். கார்டை மறந்துவிட்டு அந்தப் பயணத்தை விவரிக்க ஆரம்பிப்பார். வீட்டம்மா முறைத்த பிறகு அடுத்த கட்டம்: குற்றச்சாட்டு. "யாரோ எடுத்திருக்கீங்க. நான் வெச்ச இடத்துல வெச்ச பொருள் இருந்தா இந்த வீடு ஏன் இப்படி இருக்கு?" கார்டு உண்மையில் எங்கே போனது என்று தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரைக் கேட்டால் தெரியும். இன்னொரு நாள் நகல் எடுக்க வந்தவர் தாள்களை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டு போவார். அசல் மெஷினின் மூடிக்கு அடியிலேயே படுத்திருக்கும். அந்தக் கடையின் மேஜை அறைக்குள் பாதித் தெருவின் அடையாளம் கிடக்கிறது.

காப்பாளர் அங்கே போக மாட்டார். அவர் மனு எழுத உட்காருவார். வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஓரம் மடித்து, "உயர்திரு வட்ட வழங்கல் அலுவலர் அவர்கள் சமூகத்திற்கு" என்று தொடங்கி, "பொருள்" போட்டு, அதன் கீழே கோடும் போட்டு, கார்டு தொலைந்த வரலாற்றை எழுதுவார். அந்த வரலாறு தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான்: "பேருந்தில் பயணம் செய்தபோது எங்கோ கைதவறி விழுந்துவிட்டது." இந்த மாநிலத்தில் எந்த ஆவணமும் வீட்டுக்குள் தொலைந்ததாக மனுவில் இல்லை. கார்டைப் பேருந்தில் ஏற்றியே பழக்கமில்லாதவரும் பேருந்தில்தான் தொலைக்கிறார். வீட்டில் தொலைத்தேன் என்று எழுதினால், "அப்ப தேடிப் பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

மனுவோடு போனவரை இ-சேவை மையத்துப் பெண் உட்கார வைக்கிறாள். மனுவை மரியாதையாக வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்கிறாள்.

"கார்டுல பதிஞ்ச போன் நம்பர் சொல்லுங்க சார். ஓடிபி வரும். நகல் கார்டுக்கு இப்பவே போட்டுடலாம்."

காப்பாளர் நம்பரைச் சொல்கிறார். ஓடிபி போகிறது, வரவில்லை. மறுபடி போகிறது; வரவில்லை. மெல்ல உண்மை வெளிவருகிறது. அந்த சிம்முக்கு ரீசார்ஜ் கட்டணம் ஏறியது. வேறு கம்பெனிக்காரன் சலுகை கொடுத்தான். இவர் மாறிவிட்டார். பழைய சிம்?

"அதையும் பத்திரமா வெச்சிருக்கேம்மா. உயிர்தான் இல்ல."

வேறு சில வீடுகளில் எண் மகனுடையதாக இருக்கும். மகன் பெங்களூரில் இருப்பான். அப்பா கடையில் சர்க்கரை வாங்கினால் அவன் மீட்டிங்கில் இருக்கும்போது குறுஞ்செய்தி போய் நிற்கும். அப்பா நலம் என்பதை அவன் மாதாமாதம் அப்படித்தான் அறிந்துகொள்கிறான்.

எண்ணை மாற்ற வேண்டுமென்றால் ஆதாரோடு வழங்கல் அலுவலகத்துக்கோ, இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமுக்கோ போகச் சொல்கிறாள் அந்தப் பெண். சந்தேகம் இருந்தால் 1967 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம் என்கிறாள். காப்பாளர் முகம் மலர்கிறது. 1967! அண்ணா ரூபாய்க்கு ஒரு படி நிச்சயம் என்று சொல்லி ஜெயித்த ஆண்டு. கிலோ ஒரு ரூபாயானது 2008இல், இலவசமானது 2011இல் என்று அரிசியின் அரசியல் வரலாறு முழுவதையும் அவர் சொல்லத் தொடங்க, பின்னால் வரிசை நீள்கிறது.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய் விற்பனையாளரிடம் துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில் விஷயத்தைச் சொல்கிறார். விற்பனையாளர் மெஷினை நகர்த்தி, "இதுக்கா இந்த முகம்? கார்டு இல்லாட்டி என்னய்யா? ஆதார் இருக்குல்ல, விரலை வைங்க" என்கிறார். காப்பாளர் விரலை வைக்கிறார். முதலில் பிடிக்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வேறு விரலை வைக்கிறார். பில் வந்துவிடுகிறது.

காப்பாளருக்கு அரிசி கிடைத்த மகிழ்ச்சி இல்லை. "அப்ப கார்டு எதுக்குங்க?" என்கிறார். இத்தனை வருடம் அட்டை போட்டு, உள்தாள் ஒட்டி, பூட்டிக் காத்தவரின் கேள்வி அது. விற்பனையாளர் பதில் சொல்லாமல் "அடுத்து" என்கிறார்.

நகல் கார்டு ஒருவழியாக வந்து சேர்ந்ததும் காப்பாளர் பழக்கதோஷத்தில் ரெக்சின் பையை எடுக்கிறார். வீட்டம்மா கையை நீட்டுகிறார். சட்டமும் அவர் பக்கம்தான். 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் கார்டுக்கு வீட்டின் மூத்த பெண்தான் குடும்பத் தலைவர் என்கிறது. குடும்பத் தலைவர் கார்டைச் சமையலறைக்குக் கொண்டுபோய்க் கடுகு டப்பாவுக்குப் பின்னால் சாய்த்து வைக்கிறார். பூட்டும் கிடையாது, கவரும் கிடையாது. தாளிக்கும்போதெல்லாம் கண்ணில் படும். யாரும் தொடாத இடத்தில் வைப்பது அவர் கணவரின் முறை. தினமும் கை போகும் இடத்தில் வைப்பது அவர் முறை. இரண்டாவது முறையில் பொருள் தொலைந்ததாக வட்ட வழங்கல் அலுவலருக்கு யாரும் மனு எழுதியதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு காப்பாளர் இருப்பார். கார்டைத் தொலைத்தார் என்பதற்காக அவரைத் திட்டாதீர்கள். அட்டை தொலைந்தால் அரிசி தொலைவதில்லை. கார்டில் எந்தப் போன் எண் பதிந்திருக்கிறது, அந்த சிம் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அதை அவரிடம் கேட்காதீர்கள்; என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.