புதுவீட்டு முத்து: ஒரு ஸ்பானியக் குடும்பப்பெயர் நெகிரி செம்பிலான் பால்மரக்காட்டுக்கு வந்து சேர்ந்தது குறித்த முதல்நிலை ஆய்வு

ஸ்பெயின் தேசத்தின் குடும்பப்பெயர்களில் தலையாயது கார்சியா. அதன் பின்னால் ரொட்ரிகெஸ், கொன்சாலெஸ், பெர்னாண்டெஸ் என்று ஒரு பெருங்கூட்டம். இவற்றை ஆராய ஐரோப்பாவில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நாம் எடுத்துக்கொண்ட பெயரைத்தான் கவனிக்க ஆளில்லை. அது மலேசியாவின் நெகிரி செம்பிலானில், ரந்தாவிலும் பகாவிலும் போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களிலும் விடியுமுன் பெரட்டுக்கு வந்து, பெயர் கூப்பிட்டதும் கையைத் தூக்கி, உளியும் வாளியுமாகப் பால்வெட்டுக்குப் போய்வந்திருக்கிறது. யாரும் அதை ஸ்பானியர் என்று சந்தேகிக்கவில்லை. அந்தப் பெயர் சவரிமுத்து.

உண்மைக்குள் நுழையுமுன், இப்பெயரின் தோற்றம் பற்றி முன்னோர் கொண்ட கொள்கைகளை மறுப்பது ஆய்வு மரபு. மறுக்க நாலு பள்ளிகள் உள்ளன.

முதலாவது சவரப் பள்ளி. வேளாங்கண்ணியில் மொட்டையடித்த பிள்ளைக்கு வைத்த பெயர் என்பது இதன் வாதம். ஆனால் வேளாங்கண்ணியில் மொட்டையடிக்கும் பிள்ளைகளெல்லாம் சவரிமுத்து ஆவதில்லை. பலர் இந்துப் பிள்ளைகள். இரண்டாவது சவரன் பள்ளி. எட்டு கிராம் தங்கத்தின் பெயரால் வந்தது என்னும் இக்கொள்கைக்கு மாப்பிள்ளை வீட்டாரிடையே ஆதரவு அதிகம். இப்பெயருடையவர்களின் அடகுக்கடைச் சீட்டுகளே இதற்கு மறுப்பு. மூன்றாவது சவுரிப் பள்ளி. தோட்டத்து வாய்களில் பெயர் 'சவுரிமுத்து' என்றே ஒலிப்பதால், கொண்டைக்குள் வைக்கும் பொய்முடியோடு இதற்கு உறவு கற்பித்தார்கள். ஒலியளவில் மற்றவற்றைவிட வலுவான கொள்கை இதுதான். பொருளளவில், எனக்குத் தெரிந்த சவுரிமுத்துகளின் தலையைப் பார்த்தால், ஏக்கத்தால் வைத்த பெயர் என்று வேண்டுமானால் கொள்ளலாம்.

நான்காவது சபரிப் பள்ளி. இது மரியாதையானது, ஆகவே ஆபத்தானது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீசில் நன்கொடையாளர் பட்டியலை அச்சுக்கோக்கிறவர், 'சவரி' என்பது எழுத்துப்பிழை என்று முடிவு கட்டி, 'சபரிமுத்து' என்று திருத்தி, அந்தோணிசாமியின் மகனை ஐயப்பனுக்குத் தத்துக் கொடுத்துவிடுகிறார். இதற்கு நாள்காட்டியின் துணையும் உண்டு. பெயருக்குரிய புனிதரின் திருநாள் டிசம்பர் 3. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டியோடு திரிகிற அதே பருவம். ஒரே லயத்தில் ஒரு வீட்டில் சரணம், அடுத்த வீட்டில் செபமாலை. அச்சுக்கோத்தவரை முழுக்கக் குறை சொல்வதற்கில்லை.

இனி உண்மை. ஸ்பெயினின் வடக்கே நவார்ரா என்றொரு சிறு அரசு இருந்தது. அங்கே பாஸ்க் மொழியில் 'எச்சே' என்றால் வீடு. 'பெர்ரி' என்றால் புதிது. இரண்டும் சேர்ந்த 'எச்சேபெர்ரி' தேய்ந்து ஓர் ஊரின் பெயராயிற்று; அங்கிருந்த கோட்டையின் பெயராயிற்று; கோட்டையை உடையவர்களின் குடும்பப்பெயராயிற்று. அதுதான் ஷவியேர். மெக்சிகோவை 1970 முதல் 1976 வரை ஆண்ட அதிபர் எச்செவெர்ரியாவின் குடும்பப்பெயரும் இதே வேரில் பிறந்ததே. ஷவியேர்தான் தமிழில் சவேரி, சவரி ஆனது; ஆக, சவரிமுத்து என்றால் புதுவீட்டு முத்து. பாஸ்க்கையும் திராவிடத்தையும் உறவாக்க லாகோவரி என்பவர் 1963-இல் ஒரு புத்தகமே எழுதினார். 'எச்சே'யிலிருந்து 'இல்'லுக்குப் பாலம் கட்டுகிற ஆசை தமிழ் எழுதுகிற எவருக்கும் ஒரு கணம் வரும். வந்தது, போகவிட்டேன்.

அந்தக் கோட்டையில் 1506 ஏப்ரல் 7-இல் பிறந்தவர்தான் பிரான்சிஸ் சவேரியார். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவருடைய தகப்பனார் ஷவியேர் அல்லர். ஹுவான் தெ ஹஸ்ஸோ, நவார்ரா அரசரின் ஆலோசனைச் சபைத் தலைவர். கோட்டை தாயார் மரியா தெ அஸ்பில்குவெத்தாவின் சீதனம். அக்காலத்தில் அவ்வூரில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் ஆளுக்கொரு பெயரைச் சூடிக்கொள்வார்கள்: ஓர் அண்ணன் மிகேல் தெ ஷவியேர், இன்னோர் அண்ணன் ஹுவான் தெ அஸ்பில்குவெத்தா. கடைக்குட்டி அம்மாவின் வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டார். அவருக்குப் பத்து வயதானபோது, 1516-இல், நவார்ராவைப் பிடித்துக்கொண்ட காஸ்டீலின் ஆட்சிப் பொறுப்பாளர் கர்தினால் சிஸ்நேரோஸ் அங்குள்ள கோட்டைகளை இடிக்கச் சொன்னார். ஷவியேரின் சுற்றுமதிலும் கோபுரங்களும் போயின; அகழியை மண்ணிட்டு மூடினார்கள்; குடியிருக்கிற பகுதி மட்டும் தப்பியது. புதுவீட்டின் முதல் உடைப்பு அது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் பத்தியை விளக்கத் தேவையில்லை.

உச்சரிப்பு பற்றி இரண்டு வார்த்தை. பதினாறாம் நூற்றாண்டில் ஐபீரிய மொழிகள் இப்பெயரின் முதல் எழுத்தை 'ஷ' என்றே ஒலித்தன. போர்த்துகீசியர் இன்றும் அப்படித்தான். ஸ்பானியர் பின்னால் அதைத் தொண்டைக்குள் இறக்கி 'ஹவியேர்' ஆக்கினார்கள். ஆங்கிலேயர் 'எக்ஸேவியர்' என்று சிலரும் 'ஸேவியர்' என்று சிலருமாக இன்னும் முடிவுக்கு வரவில்லை. தமிழோ போர்த்துகீசியர் வாயிலிருந்து வாங்கிய அன்றே 'சவேரி' என்று வைத்தது, மாற்றவில்லை. தலைவலிக்கும் பிரசவத்துக்கும் 'சவேரியாரே!' என்று கூப்பிடும் தோட்டத்துப் பாட்டியின் உச்சரிப்பு, சவேரியாரைப் பெற்ற தாயின் உச்சரிப்புக்கு இன்றைய மாட்ரிட்டைவிட நெருக்கமானது. இதை ஸ்பானியத் தூதரகத்துக்கு எழுதிப் போடலாம்.

பெயர் எப்படி இங்கே வந்தது? அவசரக்காரர்கள் மலாக்காவைக் காட்டுவார்கள். சவேரியார் 1542-இல் கோவாவில் இறங்கி, அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்கு வந்து, தூத்துக்குடிப் பக்கத்தில் செபங்களைத் தமிழாக்கினார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிடுகிறது என்ற பொருளில் 1544-இல் ஒரு கடிதம் எழுதினார். கை ஓய்வதற்குச் சம்பளமே கூட்டாத தோட்டங்களில் அந்தக் கடிதம் பரவலாக வாசிக்கப்படாதது ஒரு குறை. 1545-இல் மலாக்காவுக்கு வந்தார்; பின்னும் பலமுறை வந்தார். 1552 டிசம்பர் 3-இல் சீனக் கரைக்கு எதிரே சாங்சுவான் தீவில் இறந்தார். உடலை 1553-இல் மலாக்காவுக்குக் கொண்டுவந்து சில மாதம் புதைத்து வைத்திருந்து, பிறகு கோவாவுக்கு எடுத்துப் போனார்கள். வலக்கையை 1614-இல் வெட்டி ரோமுக்கு அனுப்பினார்கள். மலாக்காவின் செயின்ட் பால் குன்றில் 1952-இல் நிறுத்திய சிலைக்கும் இன்று வலக்கை இல்லை. மரம் விழுந்து உடைந்தது என்பார்கள்.

மலாக்காவிலிருந்து நெகிரி செம்பிலான் எல்லையான தம்பினுக்கு ஒரு மணி நேரப் பஸ் பயணம். அந்தத் தூரத்தைக் கடக்க இப்பெயருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவும் நேர்வழியில் வரவில்லை. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, கங்காணியின் பின்னால், ரப்பருக்காக வந்தது. வந்தவர்களும் பெரும்பாலும் முத்துக்குளித்துறைப் பரதவர் அல்லர். திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு, இராமநாதபுரம் சீமைகளின் கத்தோலிக்க விவசாயக் குடிகள். முத்து எடுத்தவர்களிடம் பெர்னாண்டோவும் பெரைராவும் தங்கிவிட்டன. முத்தே பாராதவர்கள் சவரிமுத்து ஆனார்கள்.

பெண்பாலில் சவரியம்மாள், சவரியாயி. ஆண்பாலில் சவரிமுத்து, சவரிராயன், சவரியப்பன், சவரிநாதன். திருச்சியிலிருந்து 'தமிழியன் ஆன்டிகுவரி' ஆய்விதழை நடத்திய பண்டிதர் சவரிராயன் இக்குலத்துக்கு ஆய்வுத் துறையிலும் உரிமை உண்டென நிறுவியவர். பதிவேடுகளின் பாடபேதங்கள் தனி நூலுக்குரியவை. பிரெஞ்சுப் பாதிரியார் ஞானஸ்நானப் புத்தகத்தில் லத்தீனில் 'சவேரியுஸ்' என்று எழுதுவார். தோட்டத்து ஆள்பதிவேடான செக்ரோலில் கிராணி தன் காதுக்கு எட்டியதை எழுதுவார். 1948-இல் அவசரகாலச் சட்டத்தோடு அடையாளக் கார்டு வந்தபோது, பதிகிற குமாஸ்தா தன் பங்குக்கு ஓர் எழுத்தைச் சேர்ப்பார் அல்லது விடுவார். அண்ணன் தம்பி இருவர் ஐ.சி.யில் இரண்டு தகப்பன் இருப்பது போலத் தெரிவது இதனால்தான். குடும்பத்தில் வேறு ரகசியம் தேட வேண்டாம்.

இனிப் பெயரின் சுற்றுப்பயணம். தோட்டத்தானுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அவனுக்கு இருப்பது 'ஏ/எல்': அனாக் லெலாக்கி, இன்னார் மகன். பெர்னாண்டெஸ் என்ற ஸ்பானியப் பெயரும் பெர்னாண்டோ மகன் என்பதுதான். ஸ்பானியன் ஒரு தலைமுறையில் அதை உறையவிட்டுவிட்டான். நாம் தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிக்கொண்டே வருகிறோம். சவரிமுத்துவின் மகன் ஜோசப் ஏ/எல் சவரிமுத்து. அவன் பெர்த்துக்கோ மெல்பர்னுக்கோ வேலைக்குப் போகிறான். அங்கே பாரத்தில் குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம். அதில் அப்பா பெயரைப் போடுகிறான். அவன் பிள்ளைகளுக்கும் அதுவே நிலைக்கிறது. வீடு ஊராகி, ஊர் குடும்பப்பெயராகி, குடும்பப்பெயர் புனிதராகி, புனிதர் பிள்ளையின் பெயராகி, பிள்ளை தகப்பனாகி, தகப்பன் திரும்பக் குடும்பப்பெயராகிறார். நவார்ராவில் அவிழ்ந்த முடிச்சு ஆஸ்திரேலியாவில் விழுகிறது. நடுவே நடந்ததெல்லாம் சிரம்பான் வட்டாரம்.

ஏன் சிரம்பான் வட்டாரம்? ஜொகூரிலும் பேராவிலும் சவரிமுத்துகள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் தாய்வழியில் வந்த ஒரு வீட்டின் பெயரை ஆராயத் தோதான மண் நெகிரி செம்பிலான்தான். இங்குள்ள மினாங்கபாவ் மலாய்க்காரர்களின் அடாட் பெர்பாத்தே மரபில் குலமும் பூர்வீக நிலமும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். அதைக் காப்பதற்கென்றே வெள்ளைக்காரன் 1909-இல் வழக்காற்று நிலச் சட்டம் செய்தான். ஆண்பிள்ளை மாமியார் வீட்டில்தான் வாழ்வான். கோலப்பிலா கிழவி ஒருத்தியிடம் சவேரியாரின் குடும்பக் கதையைச் சொன்னால், தாய் வீட்டுப் பெயரை எடுத்ததில் ஆச்சரியப்பட மாட்டாள். மகள் இருக்க மகன் ஏன் எடுத்தான் என்றுதான் கேட்பாள்.

நவார்ராவில் வீடு தாயாருடையது. கம்பத்தில் மகளுடையது. இவ்விரண்டுக்கும் நடுவே பால்மர நிரைகளில் வசித்த புதுவீட்டு முத்துவின் வீடு துரையுடையது. வேலை நின்றால் வீடும் நின்றது. 1950-களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது வேலையும் கூரையும் ஒன்றாய்ப் போயின. தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1990-இல் ஒரு சட்டம் சொன்னது. வீடு யாருக்கு என்பது அதன் கவலை அல்ல. பிறகு பால்மரம் செம்பனையானது. சில இடங்களில் செம்பனை தாமான், அதாவது வீடமைப்புக் குடியிருப்பு, ஆனது. மாதிரி வீட்டின் முன்னால் 'புதுவீடு' என்று மூன்று மொழியில் பலகை. அதே பெயரைக் கொண்ட மனிதர் அதே மண்ணில் நாற்பது வருஷம் பால்வெட்டியவர். விலையைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லித் திரும்புகிறார்.

2018 ஜூலை முதல் 2020 பிப்ரவரி வரை மலேசியாவின் நீர், நிலம், இயற்கை வள அமைச்சராக இருந்தவர் சேவியர் ஜெயகுமார். நிலத்துறைக்கு ஒரு புதுவீட்டார் அமைச்சரானதை இவ்வாய்வு மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறது. நிலம் மாநிலங்களின் அதிகாரம் என்று அரசியலமைப்பு முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டதால், பெயர்ப் பொருத்தத்தின் பலனைச் சோதிக்க வழியில்லாமல் போயிற்று.

சீனாவுக்குள் நுழையவே சவேரியார் படாதபாடு பட்டார். கரையைப் பார்த்தபடியே இறந்தார். சிரம்பான் வட்டாரத்தில் ஷங்காய் என்றொரு தோட்டம் உண்டு. அவர் பெயரை வைத்துக்கொண்டவர்களுக்கு ஷங்காய் பஸ் தூரம்தான் என்பதைத் திருச்சபை வரலாற்றாசிரியர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, இவ்வாய்வாளரே முன்வைக்கும் ஐந்தாம் பள்ளி. 'பெர்ரி' பாஸ்க்கில் புதிது. 'பெரி' மலாயில் கொடு. ஆகவே 'எச்சே பெரி' என்பதற்கு நெகிரி செம்பிலான் பாடம் 'வீடு கொடு'. இரு மொழியை இப்படி ஒட்டுவது இலக்கணப்படி குற்றம் என்று மொழிநூலார் தள்ளுவார்கள். தள்ளட்டும். சவரப் பள்ளிக்கும் சவரன் பள்ளிக்கும் இல்லாத எழுத்துச் சான்று இதற்கு உண்டு: தேர்தலுக்குத் தேர்தல் தோட்டங்களிலிருந்து போகும் மனுக்கள். அவற்றின் கீழே கையெழுத்துப் பட்டியலில் சவரிமுத்து, சவுரிமுத்து, சவேரிமுத்து என வரும் பாடபேதங்களை, மனுக்கள் எந்த அலுவலகத்து அலமாரியில் இருக்கின்றன என்று தெரிந்ததும், அடுத்த கட்டுரையில் ஒப்பிடலாம்.