டைட்டன்ஸ் வீட்டுச் சம்பந்தி

"கோரியை வேற எடத்துல கட்டிக் குடுத்துட்டாங்கண்ணே" என்றார் தெரிந்தவர் ஒருவர். துஷ்டி கேட்டுவிட்டு வந்தவர் முகம். அந்தமானில், சிப்பிகாட்டில் பஸ்ஸுக்கு நின்ற நான், கராச்சர்மா பக்கம் யாரோ வேண்டியவர் வீட்டுச் சங்கதி என்று நினைத்து, "பையன் என்ன பண்றான்?" என்றேன்.

"ராஜா வீட்டுப் பையன். ரெண்டு தரப்புச் சண்டை ஓயணும்னு பொண்ணு தலையாட்டிருச்சு. டிக்குதான் பாவம்."

பெண் ஆரஞ்சு நிறம், வானத்தில் பறக்கும் என்பதெல்லாம் பஸ் கிளம்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த ஆள் உங்கள் ஊரிலும் இருப்பார். காமிக்ஸ் புத்தக அட்டையில் ஏழெட்டுப் பேர் முஷ்டியை மடக்கிக்கொண்டு பாய்வார்கள். இவர் பார்ப்பது யார் பக்கத்தில் யார் பாய்கிறார்கள் என்பதை. 1980-இல் மார்வ் உல்ஃப்மன் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைய ஆரம்பித்த 'நியூ டீன் டைட்டன்ஸ்', கோரியும் டிக்கும் இருக்கிற அந்தத் தொடர், இவருக்குச் சொந்தக்காரர் வீடு மாதிரி. டிரைகான் என்ற அசுரன் உலகத்தை அழிக்க வரும் பக்கங்களை எச்சில் தொட்டுத் தள்ளிவிடுவார். "அது கெடக்கு. அவன் ரேவனோட அப்பன். பொறந்த வீடு சரியில்லன்னா பொண்ணு என்ன பண்ணும், சொல்லுங்க?"

அதே தொடரில் வரும் டோனா ட்ராய் கல்யாணத்தை எடுத்தாரென்றால் அன்றைக்கு வேலை நடக்காது. 1985 தேதியிட்ட அந்த இதழில் சண்டையே கிடையாது, முழுக்கக் கல்யாணம். பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவர் போலத்தான் வர்ணிப்பார். அதில் அவருக்கு ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. மாப்பிள்ளை டெர்ரி லாங் தாடி வைத்த பேராசிரியர், பெண்ணைவிட மூத்தவர், விவாகரத்தானவர், ஒரு மகள் வேறு. "அமேசான்கள் வளத்த பொண்ணுண்ணே! ரெண்டாந்தாரமாவா? நாலு பேரு எடுத்துச் சொல்லியிருக்க வேணாம்?" அந்த நாலு பேரில் தானும் ஒருவர், கப்பல் டிக்கெட் கிடைக்காததால் போய்ச் சொல்ல முடியவில்லை என்பது போலிருக்கும் பேச்சு.

குற்றம் அவருடையது மட்டுமல்ல. முத்து காமிக்ஸ் காலத்துப் பிள்ளை. சென்னைக் கப்பல் மூன்று நாள் ஆடி வந்தால்தான் புத்தகம். அப்படி வந்த இரும்புக்கை மாயாவியோ, மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரிகிறவர். பெண் பார்க்கப் போனாலும் கைதான் போய் உட்காரும். சம்பந்தம் பேச வழியில்லை. அந்த ஏக்கமெல்லாம் சேர்ந்து டைட்டன்ஸ் மேல் இறங்கிவிட்டது. 2020 ஆகஸ்டில் சென்னையையும் தீவுகளையும் இணைத்துக் கடலடிக் கேபிள் வந்தது. ஊர் ஆன்லைன் வகுப்பைப் பற்றிப் பேசியது. இவருக்கு அந்த வீட்டு வம்பு தடங்கலில்லாமல் வர ஆரம்பித்தது.

எல்லாம் சரி. சொந்த அண்ணனோடு பேச்சு இல்லையே!

2004 சுனாமியில் சிப்பிகாட் தரை இறங்கி, வயலுக்குள் கடல் வந்து உட்கார்ந்துகொண்டது. இவர் வயலும் அண்ணன் வயலும் இன்றைக்கு ஒரே தண்ணீர், கொக்கு நிற்கிறது. நடுவில் இருந்த வரப்பு யாருடையது என்பதுதான் தகராறு. வரப்பின் மேல் மீன் ஓடுகிறது, தகராறு மட்டும் முழுகவில்லை. போன தையில் அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை என் கையில்தான் வந்தது. நான் என்ன தபால்காரனா? ஆரஞ்சுப் பெண்ணுக்காகப் பஸ் ஸ்டாப்பில் கண் கலங்குகிற மனுஷனுக்குக் கூடப்பிறந்தவன் மகள் கல்யாணம் நாலு எட்டு நடக்கிற தூரம்தான்.

பத்திரிகையை வாங்கி டைட்டன்ஸ் புத்தகத்துக்குள் பக்க அடையாளமாகச் செருகினார். கல்யாணத்துக்கு வரவில்லை. முதல் நாள் ராத்திரி மொய்க் கவர் ஒன்றை என்னிடம் கொடுத்தார். கனமான கவர், மேலே பெயர் இல்லை. மொய் எழுதுகிறவர் யார் பெயர் என்று கேட்க, நான் முழித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் சாயங்காலம் தானாக வந்து திண்ணையில் உட்கார்ந்தார். புத்தகத்தை விரித்தார், மூடினார்.

"மாப்பிள்ளை எப்படிண்ணே?"

"தங்கமான பையன்."

"தாடி கீடி வச்சிருக்கானா?"

"மழுங்கச் சவரம்."

"அப்ப சரி" என்று பக்கத்தைப் புரட்டினார்.