ஆளில்லாக் கருவிக்குக் கடவுச்சொல் ஈதல்: போடி ஏலக்காய் வணிகத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுக்களம்

தமிழக-கேரள எல்லையிலுள்ள போடிமெட்டுக்கு அப்பால் விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூருக்கு இறங்கி வந்து, தரம் பிரிந்து விலைபோகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலத்தில் வியாபாரி கூவ வேண்டியதில்லை. மாதிரிக் காயை விரலால் புரட்டிக்கொண்டே கணினியில் விலை ஏற்றலாம். அங்கே கடவுச்சொல் கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறார். கடையின் கணக்குத் தரவுத்தளத்தை நள்ளிரவில் மேம்படுத்த வரும் கருவியும் அதையே கேட்கிறது. முதலாளி உறக்கத்தில், கணக்குப்பிள்ளை வீட்டில். விடை சொல்வார் யார்? இவ்வினாவைத் தொல்காப்பியர் தொடாமல் விட்டதற்கு மின்தடையே காரணம் என்று கொள்ளலாம்.

2. ஈகையின் வகை

கடவுச்சொல் ஈகை நால்வகைப்படும்.

கட்டளையில் ஈதல்: மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தின் கருவிகளில் 'பி' என்னும் குறியோடு ஒட்டி எழுதினால் அது கடவுச்சொல். இடைவெளி விட்டால் அது வேறு சொல்லாகிவிடும். கருவி மறுபடி கடவுச்சொல் கேட்டு விடியும்வரை காத்திருக்கும். ஒட்டியே எழுதினாலும், ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்ப்பவர் கண்ணில் அது சிறுபொழுதேனும் படலாம்.

சூழல் மாறியில் ஈதல்: வேண்டாம் என்று கருவியைச் செய்தவர்களே சொல்லிவிட்டதால் மேலும் விரிக்கவில்லை.

கோப்பில் ஈதல்: போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் இதில் மிகக் கறார். உரிமையாளரன்றிப் பிறரும் படிக்கக்கூடிய கடவுச்சொல் கோப்பை அது ஏறெடுத்தும் பாராது.

மறைத்து ஈதல்: கடவுச்சொல்லை உருமறைத்துக் கோப்பில் வைக்கும் இம்முறையை மைஎஸ்கியூஎல் 5.6 கொண்டுவந்தது. எதேச்சையாகப் பார்ப்பவரிடமிருந்து மறைக்கும். முனைந்து தேடுபவரிடம் தோற்கும்.

3. தடையும் விடையும்

தடை: கோப்பைப் பூட்ட ஒரு கடவுச்சொல், அதைக் காக்க இன்னொன்று என்று இது முடிவின்றி ஓடாதோ?

விடை: ஓடாது. கடைசியில் நிற்பது கடவுச்சொல் அன்று, ஆள் அடையாளம். கோப்பைக் கேட்பவர் யார் என்று இயங்குதளம் பார்த்துத்தான் திறக்கிறது. அப்படியானால் அந்த அடையாளத்தையே தரவுத்தளமும் நேராக ஏற்கலாமே? போஸ்ட்கிரெஸின் 'பியர்' முறை அதைத்தான் செய்கிறது. மரியாடிபி என்னும் தரவுத்தளத்தின் 10.4 பதிப்பு தன் தலைமைக் கணக்குக்கு 2019-இல் இவ்வழியை இயல்பாக்கியது. அதே ஆண்டு மைஎஸ்கியூஎல் 8.0.16 தன்னைத்தானே மேம்படுத்திக்கொள்ளத் தொடங்க, கேள்வி கேட்ட தனிக்கருவிக்கே வேலை போயிற்று. ஏலக்காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டதும் 2019-இல்தான். இவற்றுக்கிடையே தொடர்பு ஏதும் நிறுவப்படவில்லை. ஆய்வுக்கட்டுரை என்றால் ஒரு விலைப்புள்ளி வேண்டும் என்பதால் சேர்க்கப்பட்டது.

4. எல்லைப் பிரச்சினை

எஸ்டேட் ஸ்டோரில் இரவெல்லாம் காய் உலரத் தீ பார்ப்பவரிடம் எவரும் கடவுச்சொல் கேட்பதில்லை. அங்கே அவர் தெரிந்த முகம். அவரே மூட்டையோடு மலையிறங்கினால் போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் சீட்டு காட்ட வேண்டி வரலாம். அங்கே முகம் செல்லாது. தரவுத்தளம் இருக்கும் கணினியிலேயே ஓடும் கருவி ஸ்டோரில் இருக்கும் அவரை ஒக்கும். வலைப்பின்னல் வழியே வேறு கணினியிலிருந்து வருவது சாவடியில் நிற்கும் அவரை.

5. முடிபு

உள்ளிருக்கும் கருவியை ஆள் அடையாளத்தால் விடுக. வெளியிலிருந்து வருவதற்குத் தனிக் கணக்கு வகுத்து, அது குறித்த கணினியிலிருந்து மட்டுமே நுழையுமாறு கட்டி, கடவுச்சொல்லை உரிமையாளர் மட்டும் படிக்கும் கோப்பில் இடுக. இவ்விரண்டையும் செய்த கடையில் முதலாளியை நள்ளிரவில் எழுப்பும் உரிமை கொசுவுக்கு மட்டுமே உண்டு.