காய் 19, முக்கோணம் 4,788

எங்கள் ஏரியாவில் கேரம் ஆடத் தெரியாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் போன வாரம்தான் வாடகைக்கு வந்திருப்பார். புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிவந்த பிறகு கேட்கவே வேண்டாம். தெருவுக்குத் தெரு டோர்னமென்ட். டோர்னமென்ட் என்றால் ஷீல்டு. ஷீல்டு என்றால் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் லேசர் கட்டிங் கடை. ஜவுளிக்கடைகளுக்கு ஆடித் தள்ளுபடி ஸ்டிக்கர் வெட்டிய நேரம் போக, எங்களுக்கு அதுதான் சோறு.

இந்தத் தடவை ஒரு கிளப் செயலாளர் பென் டிரைவோடு வந்தார். "இன்னா தலிவா, எப்பப் பாத்தாலும் அதே கப்பு, அதே றெக்கை. என் புள்ள மெக்கானிக்கல் படிக்கிறான். போர்டு, காயி, ஸ்ட்ரைக்கரு எல்லாத்தையும் 3டில செஞ்சு வச்சிக்கிறான். அத்த அப்டியே அக்ரிலிக்ல எறக்கிடு."

புள்ள கொடுத்தது எஸ்.டி.எல். ஃபைல். 1987இல் 3டி பிரிண்டருக்காகப் பிறந்த ஃபைல் வகை அது. அதற்குத் தெரிந்த ஒரே உருவம் முக்கோணம். வட்டம் என்றால் முழிக்கும். கேரம் காயைக்கூட 64 பட்டை போட்ட மரத்துண்டாகத்தான் வைத்திருந்தது. சுற்றிலும் 128, மேலும் கீழும் 124, ஆக ஒரு காய்க்கு 252 முக்கோணம். கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1 என்று கணக்குப் போட்டால் 4,788. ஸ்ட்ரைக்கர் தனி.

நாங்கள் டிசைன் போடும் கோரல்டிரா இந்த ஃபைலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிளெண்டரில் திறந்து, ஓ.பி.ஜே.யாக மாற்றி, இங்க்ஸ்கேப்பில் பாலிஹெட்ரன் என்று ஒரு கருவி உண்டே, அதன் வாயில் போட்டோம். டீ சொல்லி, டீ வந்து, குடித்து, கிளாஸ் திரும்பிப் போன பிறகுதான் படம் வந்தது. அதைக் கோரல்டிராவுக்குக் கொண்டுவந்தோம். நிஜமாகவே அழகு. ஒவ்வொரு காயிலும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு. செயலாளர் திரையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

எங்கள் கடை மாஸ்டர் மட்டும் அசையவில்லை. "வயர்ஃபிரேம் போடு" என்றார். கலரையெல்லாம் உருவிவிட்டுக் கோட்டை மட்டும் காட்டும் பார்வை அது. போட்டேன். காசிமேட்டில் காயப்போட்ட வலை மாதிரி ஆகிவிட்டது திரை.

சங்கதி இதுதான். அந்த இங்க்ஸ்கேப் கருவி தள்ளி இருக்கும் முக்கோணத்தை முதலில் வரைந்து, முன்னால் இருப்பதை அதன்மேல் போட்டு மூடுகிறது. நம் கண் ஏமாறும். வெட்டும் லேசருக்கு மேலே பூசி மூடிய கலர் ஒரு பொருட்டில்லை; கோடு இருந்தால் ஓடும். காய்க்கு அடியில் மறைந்த போர்டு, காய்க்குப் பின்னால் ஒளிந்த காய் என்று ஒன்று விடாமல் சுடும். போதாக்குறைக்கு, ஒட்டியிருக்கும் இரண்டு முக்கோணத்துக்கும் நடுக்கோடு ஆளுக்கொன்று. ஒரே இடத்தில் இரண்டு தடவை சுட்டால் அக்ரிலிக் என்ன ஆகும் என்பதைப் பக்கத்துக் கடைக்காரர் இருமலிலேயே தெரிந்துகொள்ளலாம்.

வேடிக்கை என்னவென்றால், 3டி மென்பொருளும் கோரல்டிராவும் வளைவு போடும் கணக்கு ஒரே வம்சம். ரெனோ கார் கம்பெனி இன்ஜினியர் பெசியே கார் உடம்பு வரையப் பரப்பிய கணக்கு அது. நடுவில் எஸ்.டி.எல். புகுந்துதான் பாகப்பிரிவினை செய்துவிட்டது. அசல் டிசைன் ஃபைல் கிடைத்தால், மறைந்த கோடுகளை ஃப்ரீகேட் என்ற மென்பொருள் தானே நீக்கிவிடும்; வட்டமும் வட்டமாகவே வரும். செயலாளர் புள்ளைக்கு போன் போட்டார். லேப்டாப் ஃபார்மட் ஆகிவிட்டதாம்.

மாஸ்டர் மவுஸை வாங்கினார். கோரல்டிராவில் எஃப்6 அமுக்கி ஒரு சதுரம், எஃப்7 அமுக்கி ஒரு வட்டம், அப்புறம் காப்பி, பேஸ்ட். கேரம் போர்டை மேலிருந்து பார்த்தால் அவ்வளவுதானே! சுட்டு, துடைத்து, கையில் கொடுத்தோம்.

செயலாளர் அதை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "சோக்கா கீது தலிவா. ஆனா கொஞ்சம் தட்டையா கீதே. லைட்டா ஒரு 3டி எஃபெக்ட் குடேன், நிழல் வுழுந்தாப்ல."

மாஸ்டர் ஆடித் தள்ளுபடி பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நிழல மட்டும் வோணா புள்ளையாண்ட சொல்லி 3டில செஞ்சு அனுப்ப சொல்லட்டா?"