அகத்தியர் மலையைச் சுவருக்கு அனுப்பு

மருமவனே, திருவனந்தபுரம் பேட்டையில வீடெடுத்து, ஒரு முறி முழுக்கப் பலகையடிச்சு, கொல்லம்–செங்கோட்டை லைனைப் பொம்மை ரயிலாப் போட்டிருக்கே. 1904-ல திறந்த அந்தப் பாதை முழுசும் 2018-ல அகலப் பாதையாயாச்சு. நீ இன்னும் மீட்டர்கேஜை விட மாட்டேங்குறே. அக்கா தங்கச்சி மவனுக்குச் சொத்து போற மருமக்கள் வழி இருந்த காலமானா என் வயலும் உனக்குத்தான் வந்திருக்கும். இப்ப என் பிடிவாதம் மட்டும் வந்திருக்கு.

எல்லாம் 87-ல ஒண்ணு அளவுன்னியே. அந்தக் கணக்குல 1,868 மீட்டர் அகத்தியர் மலையைச் செஞ்சா 21 மீட்டர் வரும், கேட்டியா. ஏழு மாடி! கார்ப்பரேஷன்ல பிளான் பாஸாகாது. அதனாலதான் மலையைப் பின்னணிப் படமாச் சுவருக்கு அனுப்பச் சொல்லுதேன்.

அந்தப் படத்துக்குச் சாலைக் கம்போளத்துல ஃப்ளெக்ஸ் விசாரிச்சியாமே. பிவிசி ஃப்ளெக்ஸைக் கேரளத்துல 2019-லயே தடை பண்ணியாச்சு. பழைய தேர்தல் பேனரைத் திருப்பிப் போட்டு நீலம் அடிக்கலாம்னு உன் மூளை போகும். அடி. பின்னால வெளிச்சம் பட்டா மலைக்கு நடுவுல வேட்பாளர் கைகூப்பிக்கிட்டு வருவாரு.

துணியும் வேண்டாம், பூசணம் பிடிக்கும். இந்த ஊர்ல பிறந்த டி. கே. சண்முகம் காலத்து நாடகக் கம்பெனிக்காரன் காட்டையும் அரண்மனையையும் துணியில எழுதிச் சுருட்டிக்கிட்டு ஊர் ஊராப் போனான். நீ எங்க போகப் போறே?

ஹார்டுபோர்டு வாங்கு. 3 மில்லிமீட்டர் கனம்னா வளைஞ்சு கொடுக்கும். முறியோட மூலையில அப்படியே வளைச்சு விடு. ரெண்டு துண்டை நேரா முட்ட வச்சியோ, வானத்துல ஒரு கோடு நிக்கும். நீ பாடுபட்டுக் கட்டின பதிமூணு கண் பாலத்தை விட்டுட்டு வர்றவன் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பான். இன்னொண்ணு, இது இடவப்பாதியும் துலாவர்ஷமும் மாறி மாறி நனைக்கிற ஊரு. முன்பக்கம் மட்டும் பெயிண்ட் அடிச்சா, பின்பக்கம் ஈரத்தைக் குடிச்சு அப்பளமா நெளிஞ்சிரும். ரெண்டு பக்கமும் பிரைமர் அடி, ஓரத்தையும் விடாதே. சுவரோட ஒட்டாம கட்டை கொடுத்து நிறுத்து. காத்தும் போகும், சிதல் ஏறினா கண்ணுலயும் படும். சிதலுக்குப் பயந்தா பிவிசி ஃபோம் ஷீட் இருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம பெயிண்ட் அடிச்சா மட்டும், அகத்தியர் தோலுரிஞ்சு நிப்பார்.

அடர் பச்சை ஒரு டப்பா வாங்கி வச்சிருக்கியாமே! திருப்பிக் கொடு. தூரத்து மலை வெளுத்த நீலமாக்கும். மழை வெறிச்ச காலையில மொட்டை மாடியேறிக் கிழக்கே பாரு, காசில்லாம பாடம் கிடைக்கும். வானமும் கீழே வர வர வெளுக்கணும். மினுக்கம் இல்லாத மேட் பெயிண்ட் போதும். மேகம் மட்டும் வரையாதே. ரவிவர்மா பிறந்த கிளிமானூர் நம்ம ஜில்லாதான், ஆனா பக்கத்துல இருக்கிறதுனால கை வந்திராது.

பாலத்துக்கும் படத்துக்கும் ஒரு சாண் விடு, விளக்கை உசரத்துல வை. இல்லேன்னா ரயிலோட நிழல் மலைமேல ஏறி ஓடும்.

அந்தச் சுவர்ல ஒரு சன்னல் இருக்கே, அதை அடைக்க என் மவகிட்ட சம்மதம் வாங்கிட்டியா? சிபாரிசுக்கு என்னைக் கூப்பிடாதே. அவ அம்மைகிட்ட நான் இன்னும் கேட்டு வாங்க வேண்டியதே பாக்கி கிடக்கு.